டவர் பாறையில் பதிவு போட்ட நாள்

எங்கள் சுகாதார நிலையத்துக்குள் டவர் கிடைக்காது. பதிவு போடக் கொடுத்த டேப்லெட்டை, எங்கள் வாயில் டேப்பை, தூக்கிக்கொண்டு எந்த மூலைக்குப் போனாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். மருந்து அலமாரியின் மேல் ஏற்றிப் பார்த்தோம். நர்சம்மா ஒரு நாள் கண்ணை மூடி அதற்காக ஜெபம்கூடச் செய்து பார்த்தார். சாலைக்கு எதிர்ப்புறம், கிராம நிர்வாக அலுவலகத்தை ஒட்டி, எருமை படுத்திருக்கிற மாதிரி ஒரு பாறை உண்டு. அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் டவர் தாராளமாகக் கிடைக்கும். ஊரில் அதற்கு டவர் பாறை என்றே பெயர் வந்துவிட்டது. வடக்கனந்தலிலிருந்து மேற்கே வந்தால், கல்வராயன் மலை காலை நீட்டத் தொடங்குகிற இடத்தில் எங்கள் ஊர். அந்தப் பக்கம் போகிற டவரெல்லாம் மலையில் முட்டிக்கொண்டு பாறையோடு திரும்பிவிடுகிறது என்று டீக்கடையில் விளக்கம் சொல்வார்கள்.

அந்தப் பாறையின் மேல்தான் எனக்கு உத்தியோகம். பத்தாவது தேறி, தட்டச்சில் லோயர் முடித்து, கல்யாணமாகி, பிள்ளைகளை வளர்த்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் ஒப்பந்த வேலைக்கு வந்தேன். வருகிற நோயாளியின் பெயர், வயது, நோய், கொடுத்த மருந்து எல்லாவற்றையும் டேப்பில் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அங்கே உட்கார்ந்தபடியே நம் ஊர்க்காரரின் சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நல்ல ஏற்பாடு. எனக்கு ஒரே ஒரு கஷ்டம்தான் இருந்தது. அந்த வேலைக்குக் கத்த வேண்டியிருந்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே குரல் எழும்பாது. பள்ளிக்கூடத்தில் நான் ‘உள்ளேன் ஐயா’ சொல்வது வாத்தியார் காதில் விழாமல், வந்த நாளிலும் வராதவளாகப் பல நாள் இருந்திருக்கிறேன். கல்யாணப் பந்தியில் ரசம் கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டு எழுந்தவள். அப்படிப்பட்டவளைப் பாறை மேல் குடையோடு உட்காரவைத்தார்கள். நர்சம்மா உள்ளே மேசையில் இருந்தபடி விசாரித்து, ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டுச் சொல்வார். நான் ஏற்றிவிட்டு, சரிதானா என்று திருப்பிச் சத்தம் போட்டுக் கேட்க வேண்டும். அது முகக்கவசக் காலம் வேறு. நர்சம்மாவின் குரல் முகக்கவசத்தைத் தாண்டி வரும். அவர் மணலூர்பேட்டை பக்கத்து ஆள். மாதா கோயில் பாட்டுக் குழுவில் மைக் இல்லாமலே பாடுகிறவர். என் குரல் பாறையை விட்டே இறங்காது.

ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மீட்டிங்குக்குப் போய் வந்த நர்சம்மா, “இனிமே பேப்பரே கூடாதுன்னுட்டாங்க” என்று சொல்லி, மேசையில் கிடந்த சீட்டுக் கட்டைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மேலிடம் சொன்னால் அவருக்கு அது வேதவாக்கு.

ஆகவே வரிசையில் நின்றவர்களே அஞ்சல் செய்ய ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லித் தரவில்லை. தானாக அமைந்துவிட்டது.

“மூலம்!” என்பார் நர்சம்மா.

“மூலமாம்!” என்பார் வாசற்படியில் நிற்கிறவர். “மூலமாம்மா!” என்பார் சாலையோரம் நிற்கிறவர்.

“எவ்வளவு நாளா?” என்று நான் முனகுவேன்.

“எத்தினி நாளா இருக்குதுன்னு கேக்குது அந்தம்மா!” என்று கேள்வி வரிசை வழியாக உள்ளே போகும். பதிலும் அதே வழியில், வழியில் நிற்கிறவர்களின் வைத்தியக் குறிப்புகளோடு திரும்பி வரும். “ஆறு மாசமாம். துத்திக் கீரை சாப்ட சொல்லு!” மூலத்துக்குச் சொந்தக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பின்பக்கமாக நழுவிப் போவார்.

பெரியவர் ஒருவர் பாறை அடிவாரத்துக்கே வந்து என்னிடம் நியாயம் கேட்டார். “ஏம்மா, இதெல்லாம் மெட்ராஸ் வரைக்கும் போவுதா?”

“போவுங்க ஐயா. டாக்டருங்க மட்டும்தான் பாப்பாங்க. வேற யாரும் பாக்க முடியாது.”

“மெட்ராஸ்ல பாத்தா பாத்துட்டுப் போறான். அவனுக்கு நானா பொண்ணு குடுக்கப் போறன்? தோ, வரிசையில மூணாவது நிக்கறான் பாரு, அவன் எங்க சம்பந்தி. அவனுக்கு எதுக்கு எம் பிரஷரு?”

ரகசியத்தைப் பற்றி மேலிடத்திலிருந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதே என்றார்கள். சம்பந்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஜனங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். என்ன கேட்டாலும் தலைவலி என்று சொல்லத் தொடங்கினார்கள். வெள்ளைப்படுதலும் தலைவலி, விரைவீக்கமும் தலைவலி. நர்சம்மாவின் காதுக்குள் உண்மையைச் சொல்லிவிட்டு, “வெளிய தலைவலின்னு சொல்லிடுங்க” என்பார்கள். மருந்து சரியாகக் கிடைத்துவிடும். டேப்பில் மட்டும் தலைவலி ஏறும். சில வாரங்களில் எங்கள் ஊரின் தலைவலி எங்கேயோ ஒரு திரையில் சிவப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். ஜீப்பில் ஒரு குழு வந்து இறங்கியது. குடிதண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் கண் பரிசோதனை நடத்தினார்கள். “இங்க இன்னா தலைவலி இவ்ளோ ஜாஸ்தி?” என்று அவர்கள் கேட்டபோது, நர்சம்மா மலையைக் கைகாட்டி, “காத்து சார்” என்றார். நான் குடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்ததில் பாறையிலிருந்து சறுக்கியே விட்டேன்.

இடஒதுக்கீட்டுக்கான போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்ததும் அப்போதுதான். எங்கள் ஜனத்தொகைக்கு உண்டான பங்கைக் கொடு என்று ஊர் ஊராகக் கிராம அலுவலகங்களுக்கு ஊர்வலம் போய் மனு கொடுத்தார்கள். டேப்பில் சாதிக்கு ஒரு கட்டம் இருப்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. தலையை எண்ணுவதற்குத்தான் டேப் வந்திருக்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதுவரை நோய் வந்தாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் வராதவர்களெல்லாம் குடும்பத்தோடு வந்து நின்றார்கள்.

“உங்களுக்கு என்னங்க செய்யுது?”

“ஒண்ணும் செய்யலம்மா. கல்லு மாதிரி கீறன். பேர மட்டும் ஏத்து.”

“நோய் இல்லாம ஏத்த முடியாதுங்களே.”

“அப்ப ஒரு தலைவலிய போடு!”

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அவள் என்னைத் தேடி வந்தாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவளுடைய வீட்டுக்காரர் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கிற டிராக்டர் ஓட்டுநர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். ஒருநாள் மத்தியானம், வரிசை கலைந்த பிறகு, பாறையில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் குடையை அவள் பக்கம் சாய்த்தேன்.

“யக்கா, நீதான் யார்கிட்டயும் பேச மாட்டியே, அதான் உங்கிட்ட வந்தன்” என்றாள். “ரெண்டு மாசமா குளிக்கல.”

அவளுக்கு முன்பு இரண்டு முறை தங்கியும் கலைந்துவிட்டது. இரண்டாவது முறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வேலைக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. அப்போதே நர்சம்மா ஜன்னல் வழியாகச் சந்தோஷத்தில் கத்திவிட்டார். டிராக்டர்காரர் ஆலை வாசலில் லோடு இறக்க வரிசையில் நிற்கும்போது, இன்னொரு டிராக்டர்காரர் வந்து, “இன்னாடா, அப்பனாவப் போறியாமே” என்று தோளில் தட்டித்தான் அவருக்குத் தெரிந்தது. ஊரே ஸ்வீட் கேட்டது. அடுத்த மாதம் கலைந்தபோது அதே ஊர் துக்கம் விசாரிக்க வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு அவளே அடுப்படியில் நின்றாள்.

“இந்த வாட்டி நானே அவருகிட்ட சொல்லணும்க்கா. எனக்கு முன்னாடி யாரும் சொல்லக் கூடாது. மெஷினும் சொல்லக் கூடாது. உசுரு துடிக்கறத ஸ்கேன்ல பாத்துட்டு சொல்லிக்கிறன். அதுவரைக்கும் உன் வாயில இருந்து போவக் கூடாது.”

என் வாயிலிருந்து எதுவும் போனதே இல்லை என்பதால் உறுதி கொடுத்தேன்.

நர்சம்மாவிடம் சொல்லாமல் முடியாது. அவரைக் கட்டடத்துக்குப் பின்புறம் அழைத்துப் போய் அவள் சொன்னதும், அவர் இரண்டு கையாலும் தன் வாயையே பொத்திக்கொண்டார். அந்தச் சத்தத்தை உள்ளேயே அடக்கிவைத்ததில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அவரே கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போய் ஸ்கேன் எடுத்தார். துடிப்பு நன்றாக இருந்தது. இருவரும் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் ஒருவர் கையை ஒருவர் கிள்ளிக்கொண்டே வந்தார்களாம்.

அன்று இரவே வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பாள். ஆனால் அவர் லோடோடு ஆலையிலேயே தங்கிவிட்டார். மறுநாள் காலை எங்கள் ஊரில் மனு கொடுக்கும் ஊர்வலம். வீட்டுக்கு வராமல் நேரே ஊர்வலத்துக்கு வந்துவிடுவதாகத் தகவல் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தக் காலையில்தான் பதிவு போட வேண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். இவளுக்கு ரத்தம் ஓ நெகட்டிவ். அதற்கு உரிய நேரத்தில் ஊசி போட வேண்டும், முன்பு இரண்டு முறை கலைந்த விவரமும் வேண்டும், எல்லாவற்றையும் நாளைக்கே ஏற்றி, மறுநாள் பதிவு எண்ணோடு வா என்றார். போன முறை இவள் கொண்டுபோன சீட்டெல்லாம் மழையில் நனைந்து, ரத்த வகையே யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. ஆக, டாக்டர்களுக்கு எல்லாம் தெரிய வேண்டும். தெருவுக்கு ஒன்றும் தெரியக் கூடாது.

“கத்த மாட்டன்” என்றார் நர்சம்மா. “எப்பிடி ஏத்தறது, அத சொல்லு.”

“ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க சிஸ்டர்.”

“பேப்பர் கூடாது.”

நான் ஜாக்கெட் கையைத் தூக்கிக்கொண்டு இடது கையை அவர் முன் நீட்டினேன். அவர் ஒரு கணம் யோசித்தார். கை காகிதம் இல்லை என்பது அவருக்கும் சரியாகப் பட்டிருக்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீலப் பேனாவால் எழுதினார். பெயர், ரத்த வகை, கலைந்த இரண்டு முறையின் மாதங்கள், கடைசியாகக் குளித்த தேதி, ஸ்கேன் முடிவு. எனக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்தது. “ஆட்டாத, ரத்தம் பாசிட்டிவ் ஆயிடும்” என்று அதட்டினார். அவளும் நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. பதிவு போட்டால் ஆதாரில் இருக்கிற செல்லுக்கு ஓடிபி போகும். ஆதாரில் இருப்பது வீட்டுக்காரருடைய எண்.

“வெறும் நம்பர்தான் போவும். அதுல இன்னா ஏதுன்னு ஒண்ணும் இருக்காது” என்றார் நர்சம்மா. “அவரு கிட்டயே வாங்கிக்க. தலைவலின்னு சொல்லு.”

பறைச் சத்தம் கேட்டது. நான் வெளியே வந்தபோது ஊர்வலம் கிராம அலுவலகத்தை அடைந்திருந்தது. சாலை முழுக்க ஜனம். என் டவர் பாறையில் எனக்கு உட்கார இடமில்லை. அதன் முதுகு முழுக்க ஆண்கள் ஏறி நின்றார்கள். போராட்டத்தைச் செல்லில் நேரலையாகக் காட்ட அவர்களுக்கும் டவர் வேண்டும் அல்லவா. நட்டநடு உச்சியில், கையை உயர்த்திச் செல்லைப் பிடித்துக்கொண்டு நின்றவர் டிராக்டர்காரரேதான்.

டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பாறை அருகே போனேன். ஏற வழி கேட்பதற்கு வாய் எழவில்லை. ஒருவர் பார்த்துவிட்டார்.

“டேய், டேப்பம்மா வந்துருக்காங்கடா! தூக்கி வுடு, தூக்கி வுடு! நம்ம பக்கம் வந்துட்டாங்க!”

இரண்டு பெண்கள் கீழிருந்து தள்ள, மேலிருந்து ஒருவர் இழுக்க, பாறை உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். போனதும் கையில் ஒரு கொடியைக் கொடுத்துவிட்டார்கள். வாங்கமாட்டேன் என்று சொல்ல எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது? “தூக்கிப் புடிங்கம்மா!” என்றார்கள். தூக்கினேன். டிராக்டர்காரர் செல்லை என் பக்கம் திருப்பினார். “தாய்மார்களும் களத்தில் இறங்கிவிட்டார்கள்!” என்று ஒருவர் மைக்கில் அறிவித்தார்.

அப்போதுதான் கொடியைத் தூக்கியிருந்த என் கையைப் பார்த்தேன். இடது கை. ஓ நெகட்டிவ் ஊருக்கே தெரிய ஆடிக்கொண்டிருந்தது.

நான் கையை இறக்கிய வேகத்தில் கொடி முன்னால் நின்றவர் தலையில் இடித்தது. முந்தானையை எடுத்து முழங்கைவரை சுற்றிக்கொண்டேன். வலது கையில் கொடியை மாற்றித் தூக்கினேன். பயத்தில் நானும் கோஷத்துக்கு வாயசைத்தேன் என்று பிறகு சொன்னார்கள். என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அந்த நேரம் பார்த்து என் செல் அடித்தது. கள்ளக்குறிச்சியில் சைக்கிள் கடையில் இருக்கிற என் வீட்டுக்காரர்.

“ஏய், நீ எப்ப போராட்டத்துல சேந்த?”

“வூட்டுக்கு வந்து சொல்றங்க.”

“கையில இன்னா, பச்ச குத்திக்கினு இருக்க?”

“படிச்சிங்களா?”

“எங்க படிக்கறது, சிலேட்ட அழிச்ச மாதிரி தெரியுது. இன்னொரு வாட்டி தூக்கு, கடையில எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க.”

பாதி உயிர் வந்தது. கோஷம் போடுகிறவர்களின் கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து, முந்தானைக்குள் ஒளித்தபடி கையைப் பார்த்துப் பார்த்து ஏற்றினேன். வேர்வையில் ஒரு தேதி கலங்கியிருந்தது. நல்லவேளை அது எனக்கு மனப்பாடம். எல்லாம் ஏறியது. ஓடிபி அனுப்பு என்று அழுத்தினேன். என் தலைக்கு மேலே டிராக்டர்காரர் கையில் செல் டிங் என்றது.

“தம்பி” என்று அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். “உங்க செல்லுக்கு ஒரு நம்பர் வந்துருக்கும். கொஞ்சம் சொல்லுங்க.”

“எதுக்குக்கா?”

“உங்க வூட்டுல தலைவலின்னு வந்துருக்கு.”

அவர் முகம் மாறிவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. செல்லை இறக்கி, எண்ணைச் சொல்லிவிட்டு, “ஜாஸ்தியாக்கா? எங்க கீறா?” என்று கேட்டார். குரலில் அவ்வளவு பதற்றம். “கம்மிதான், கம்மிதான்” என்று சொல்லி எண்ணைப் போட்டேன். பதிவு ஆகிவிட்டது. திரையில் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. ‘கர்ப்பிணித் தாய்க்கான வாழ்த்துச் செய்தி சிறிது நேரத்தில் பதிவு செய்யப்பட்ட எண்ணுக்கு அனுப்பப்படும்.’

இதை நர்சம்மா சொல்லவே இல்லை. அவருக்கே தெரியாது.

வாழ்த்துச் செய்தி அவளை முந்திக்கொண்டு வந்துகொண்டிருந்தது. பாறையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. நடுவில் பறை, கொடி, ஜனம். அவள் எதிர்ப்பக்கம் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப் போய்ச் சொல்ல நேரமில்லை. நாற்பத்தைந்து வருடம் சேர்த்து வைத்திருந்த சத்தத்தையெல்லாம் எடுத்து, “வாடீ! சீக்கிரம் வா! இப்பவே சொல்லுடீ!” என்று கத்தினேன். பறையடிக்கிறவரே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வெளியே பாய்ந்தாள். பின்னாலேயே நர்சம்மா, “ஓடாதடி! நடடி! ஓடாதன்றன் இல்ல!” என்று கத்திக்கொண்டு தானே ஓடினார். கூட்டம் வழிவிட்டது. அவள் வருவதைப் பார்த்த டிராக்டர்காரர் பாறையிலிருந்து குதித்தார். தலைவலி முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார். செல் கையிலேயே இருந்தது. நேரலையை நிறுத்த மறந்துவிட்டார்.

அவள் மூச்சு வாங்கினாள். அவர் தோளைப் பிடித்துக் கீழே இழுத்துக் காதில் சொன்னாள். என்ன வார்த்தையில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றும் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது என்று பாறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

நேரலையில் நடந்ததை என் வீட்டுக்காரர்தான் பிறகு சொன்னார். கொடி, மைக் எல்லாம் மறைந்து வெகுநேரம் இரண்டு ஜோடிச் செருப்பு மட்டும் தெரிந்ததாம். ஒரு ஜோடி அசையாமல் நின்றது. ஆண் செருப்பு ஜோடி கொஞ்ச நேரம் சும்மா இருந்து, பிறகு குதிக்க ஆரம்பித்ததாம்.

“இன்னா மாமா ஆச்சி? இன்னா ஆச்சி?” என்று பாறை மேலிருந்தவர்கள் கேட்டார்கள். அவர் கையை மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார்.

“குடுத்துட்டாங்களாம்டா!” என்று யாரோ கத்தினார்கள். “கவர்மெண்டு ஒத்துக்கிச்சாம்!”

பறை மறுபடி கிளம்பியது. பாறை மேல் ஆட்டம், பாறைக்குக் கீழே ஆட்டம். துண்டுகள் மேலே பறந்தன. மனுவை வாங்கிக்கொள்ள வெளியே வந்த கிராம அலுவலர் எதற்கு மாலை போடுகிறார்கள் என்று புரியாமல் போட்ட மாலையோடு நின்றார். “எனக்கு ஒண்ணும் தகவல் வர்லியே, எனக்கு ஒண்ணும் தகவல் வர்லியே” என்று அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வந்துவிட்டார்கள். பக்கத்து ஊருக்கெல்லாம் செய்தி போய், அங்கேயும் வெடி வெடித்தார்களாம். அது பொய்ச் செய்தி என்று தெரிந்து அடங்குவதற்கு மத்தியானம் ஆனது.

அந்த இரைச்சலின் நடுவில்தான் டிராக்டர்காரரின் செல் இரண்டாவது முறை டிங் என்றது. எடுத்துப் பார்த்தார். வாழ்த்துச் செய்தி. அதை அவளிடம் காட்டி, செல்லைப் பார்த்தே சொன்னார்: “லேட்டுடா தம்பி நீ. எங்கூட்டுக்காரி முந்திக்கினா.”

அவள் சிரித்ததை அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை. சிரிப்பு நிற்காமல் விக்கல் வந்து, நர்சம்மா தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். போகும் வழியெல்லாம் அவளுக்கு ஒரு பயம் இருந்தது என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். முதலில் எப்போது கலைந்தது, எப்படிக் கலைந்தது, இரண்டாவது எத்தனை மாதம் என்று முதலிலிருந்து கேட்பார். பின்னால் நிற்கிற பெண்களெல்லாம் உச்சுக் கொட்டுவார்கள். இந்த முறை டாக்டரம்மா எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்து மெதுவாக, முழுவதும் படித்தார். படித்துவிட்டு அவள் பக்கம் திரும்பி, “சாப்ட்டியாம்மா?” என்று மட்டும்தான் கேட்டாராம். பிறகு ஊசி எழுதினார்.

“ஒரு வார்த்த நான் சொல்லலக்கா” என்றாள். “எல்லாம் அதுலயே இருந்துச்சி. நீ ஏத்துனது.” என் கையைப் பிடித்து முழங்கைவரை தடவிப் பார்த்தாள். நீலம் இன்னும் முழுசாகப் போயிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நர்சம்மா அலமாரியைத் திறந்து சீட்டுக் கட்டை வெளியே எடுத்தார். மேலிடத்திலிருந்து யாராவது வந்தால் மட்டும் பூட்டினார். வரிசையிலிருந்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். “இப்பல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தா பொழுதே போவல” என்று பெரியவர் குறைப்பட்டுக்கொண்டார். ஆனால் தலைவலி சடசடவென்று குறைந்துவிட்டது.

பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்று காலையிலேயே அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நர்சம்மாவுக்குப் போன் போட்டு, “யாருக்கும் சொல்லாதீங்க, நானே வந்து சொல்லிக்கிறன்” என்று சொல்லிவிட்டாள். நர்சம்மா சொல்லவில்லை. ஆனால் டிராக்டர்காரர் கரும்பு லோடுக்கு மேல் பலூன் கட்டிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனதில் வழியில் இருக்கிற ஊரெல்லாம் தெரிந்துகொண்டது. எங்கள் தெருவில் என்ன குழந்தை, என்ன எடை, யார் ஜாடை வரை பேசி முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கற்கண்டுப் பொட்டலத்தோடு அவள் வீடு வீடாகச் சொல்லக் கிளம்பினாள். அவள் தெருமுனையில் திரும்பும்போதே விஷயம் எங்களுக்கு வந்துவிட்டது. “வந்துக்கினு கீறா, யாரும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க” என்று பக்கத்து வீட்டுக்காரி சுவர்மேல் எட்டிச் சொன்னாள். ஒவ்வொரு வாசலிலும் அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். ஒவ்வொருவரும் வாயைப் பிளந்து, மோவாயில் கை வைத்து, “அடியாத்தீ!” என்றார்கள். எங்கள் வீட்டுக்காரர்கூடச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, “எந்த ஆஸ்பத்திரில?” என்று புதிதாகக் கேட்டார்.

என் வாசலுக்கு வந்தாள். குழந்தையை என் மடியில் வைத்தாள். கண்கள் மினுமினுக்க, “யக்கா, உனக்கு ஒண்ணு சொல்லட்டா?” என்றாள்.

“சொல்லு சொல்லு” என்றேன். “இன்னா விசேஷம்?”